பாய்லர் தீர்த்தம்

சேனாபதி வீடு வாங்கியது நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையில். எடிசனில் குடியிருக்கும் தமிழர்கள் அந்தப் பகுதியை நியூ ஜெர்சியாகவே ஒப்புக்கொள்வதில்லை. அங்கே கரடி வரும், கறிவேப்பிலை வராது என்பது அவர்கள் கட்சி.

வாரத்தில் ஐந்து நாள் நெவார்க்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கும்போது எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுப்பது சேனாபதியின் உத்தியோகம். மீதி இரண்டு நாள், ஆகிவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து பயப்படுவான். கரன்ட் நிற்கும், எண்ணெய் லாரி வராது, ஜனவரிப் பனியில் நியூ ஜெர்சியே விறைத்துப் போகும். அப்போது ஐந்து ஏக்கர் மரமும் ஒரு கோடரியும் உள்ளவன் பிழைப்பான். இந்த யோசனையில்தான் அந்த ஐந்து ஏக்கரையும், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த பழைய வீட்டையும் வாங்கினான். பேஸ்மென்டில் இருந்துகொண்டு வீட்டைச் சூடாக்க வேண்டிய எண்ணெய் பர்னஸ், இவர்கள் குடிவந்த மறுவாரமே உயிரை விட்டது.

அக்டோபர் பாதியிலேயே குளிர் வந்துவிட்டது. எட்டாவது படிக்கும் மகள் தென்றல், பனிச்சறுக்குக்குப் போடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். இட்லியை வாயில் வைப்பதற்கு முன் ஒருமுறை ஊதி, வெளியே வந்த ஆவியை அப்பாவிடம் காட்டினாள். "அப்பா, ஐ கேன் ஸீ மை ப்ரெத்."

மனைவி ஷ்யாமளா சென்னைக்காரி. சுற்றி வளைக்க மாட்டாள்.

"இங்க பாருங்க. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு தோசை வார்க்கறதுக்கு நான் கல்யாணம் பண்ணிக்கல. நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் வருதுல்ல, அதுக்குள்ள இந்த வீடு சூடாகணும். இல்லேன்னா நானும் தென்றலும் எடிசன் அபார்ட்மென்ட்டுக்கே திரும்பிப் போயிடுவோம். லீஸ் இன்னும் முடியல. நீங்க கரடியோட இருங்க."

சேனாபதி அதற்குத்தான் பாய்லர் பார்த்து வைத்திருந்தான். பக்கத்துப் பண்ணையில் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் ஹாரல்ட் என்ற கிழவர், பண்ணையை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவருடைய விறகு பாய்லர் வீட்டுக்குள் வைப்பதல்ல. வெளியே முற்றத்தில் நிற்பது. தூரத்திலிருந்து பார்த்தால் தகரக் கொட்டகை மாதிரி இருக்கும். முன்னால் ஒரு இரும்புக் கதவு, மேலே ஒரு புகைக்குழாய். கதவைத் திறந்து விறகைப் போட்டால், நெருப்பைச் சுற்றியுள்ள இரும்புச் சுவருக்குள் நிற்கும் தண்ணீர் சூடாகும். அந்த வெந்நீரை ஒரு பம்ப் மண்ணுக்கடியில் போகும் குழாய் வழியே வீட்டுக்குள் தள்ளிச் சுற்றவிடும்.

"கரன்ட் போனாக்கூட வீடு சூடா இருக்கும்," என்றான் சேனாபதி.

"தண்ணிய வீட்டுக்கு யாரு தள்ளுவா?"

"பம்ப்."

"பம்ப் எதுல ஓடும்?"

 கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அதற்குள் ஹாரல்ட் தன் டிராக்டரில் பாய்லரைத் தூக்கிவந்து, புதிதாகப் போட்டிருந்த சிமென்ட் மேடையில் இறக்கிவிட்டார்.

இறக்கியபின் அவர் சொன்னது ஒன்றுதான். பழைய சாமான். தண்ணீரை நிரப்பு, கொஞ்சமாக நெருப்புப் போடு, ஒரு நாள் பொறுத்துப் பார். எங்கேயாவது கசிந்தால் சொல், நானே பற்றவைத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை என் வெல்டிங் மெஷின் இங்கே இருக்கும். அதற்குப் பிறகு மெஷினும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை காலை குழாய் புதைக்கப் பள்ளம் தோண்டுகிறவர்கள் வருவதாக ஏற்பாடு. கசிகிற பாய்லரோடு குழாயை இணைத்து மண்ணைப் போட்டு மூடிவிட்டால், அப்புறம் எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, வெல்டிங் ஆளைத் தேடிப் பிடித்து, அவன் வருவதற்குள் தேங்க்ஸ்கிவிங் போய்விடும். ஷ்யாமளாவும் போய்விடுவாள்.

ஆகவே சேனாபதி முறையாகச் சோதிக்கத் தீர்மானித்தான். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்துப் படித்தான். தண்ணீர் விடுவதற்கு முன் ஓட்டைகளையெல்லாம் அடைத்து, உள்ளே கொஞ்சம் காற்றடித்து, பற்றவைத்த இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தது. குமிழி வந்தால் அங்கே ஓட்டை. சனிக்கிழமை காலையில் ஒரு பக்கெட் சோப்புத் தண்ணீர், பெயின்ட் பிரஷ், சைக்கிள் பம்ப் எல்லாம் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனபோது, வாசலில் வெள்ளியங்கிரியின் வண்டி வந்து நின்றது.

வெள்ளியங்கிரி, வட ஜெர்சி முத்தமிழ் மன்றத்தின் தலைவர். இதற்கு முந்தைய தலைவரும் அவரே. சேனாபதிக்குக் கோபிச்செட்டிபாளையம், அவருக்குக் கோயம்புத்தூர் என்பதால் அவன் அவரை அண்ணா என்று கூப்பிடுவான். தற்போது ஒரு ஷாம்பூ கம்பெனியில் அடுத்த வருஷம் எத்தனை பேர் தலைக்குக் குளிப்பார்கள் என்று கணித்துச் சொல்கிறார். ஆனால் ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பாய்லர் செக்ஷனில் இருந்தவர். எவ்வளவு நாள் என்று கேட்டால், "அது ஒரு காலமுங்க" என்பார். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

"என்னங்க தம்பி, பாய்லர் வாங்கியிருக்கீங்க, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? நாளைக்குக் கிரகப்பிரவேசத்துக்கு வர்றப்போதான் நான் பாக்கணுமா?"

"இல்லீங்ணா, முதல்ல சோப்புத் தண்ணி போட்டு லீக் பாத்துட்டு..."

"சோப்புத் தண்ணியா?" வெள்ளியங்கிரி பக்கெட்டை எட்டிப் பார்த்தார். துணி துவைக்கும் வீட்டுக்குத் தவறி வந்துவிட்டவர் போல முகம் போயிற்று. "தம்பி, சோப்புத் தண்ணி சைக்கிள் டியூப்புக்குங்க. இது பாய்லர். பாய்லர் பேசுமுங்க. நமக்குக் கேக்கத் தெரியோணும்."

பர்ஸைத் திறந்து, அதில் பத்திரமாக வைத்திருந்த ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். பாய்லரின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, சந்தையில் பானை வாங்குகிறவர் மாதிரி சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்களா? கணீர்னு. கோயில் மணியாட்டம்."

சேனாபதிக்கு எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. அது தன் காதின் குறை என்று நினைத்துக்கொண்டான். கோபிச்செட்டிபாளையத்தில் வளர்ந்தவனுக்கு, கோயம்புத்தூர்க்காரர் ஒரு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது. அது ரத்தத்தில் உள்ள கோளாறு. பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டான்.

தண்ணீர் நிரப்பினார்கள். ஹாரல்ட் கொடுத்துவிட்டுப் போன மருந்து ஒரு கேனில் இருந்தது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் கலப்பது. அதைக் கலக்கும் பொறுப்பை வெள்ளியங்கிரியே ஏற்றுக்கொண்டார். கையுறை மாட்டிக்கொண்டு, ஊற்றுவதற்கு முன் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார்.

"இது காரமுங்க. சவக்காரம் மாதிரி. கையில பட்டா வழுவழுங்கும், வாயில பட்டா தொண்டை வெந்துரும். ஒரு சொட்டு கூட உள்ள போகக் கூடாது." காப்பி கொண்டுவந்த ஷ்யாமளாவுக்கு இதை மறுபடி சொன்னார். காதில் வாக்மேன் வயரை மாட்டிக்கொண்டு போன தென்றலை நிறுத்தி, ஆங்கிலத்திலும் சொன்னார்.

நெருப்புப் போட்டதும் சேனாபதி டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். சுவரெல்லாம் முத்து முத்தாக ஈரம்.

"அண்ணா, தண்ணி நிக்குதுங்க!"

"வேர்வைங்க தம்பி. குளுந்த இரும்பு, திடீர்னு சூடு படுது. வேர்க்காதா? மணவறையில மாப்பிள்ளைக்கு வேர்க்கறதில்லையா? அவரை லீக்குன்னு யாராச்சும் சொல்வாங்களா?"

முதல் நெருப்பில் குளிர்ந்த இரும்பு வேர்ப்பது உண்மைதான், புத்தகத்திலும் இருந்தது. வெள்ளியங்கிரி சொல்வதில் எப்போதும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கும். அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து. அவர் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, பாய்லரின் பக்கவாட்டுத் தகரத்தில் பெரிதாக 'சரி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். மில்லில் அப்படித்தானாம்.

குடிவந்த பிறகு நல்ல நாள் பார்த்து வைத்த கிரகப்பிரவேசத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மன்றமே திரண்டு வந்தது. சாலை ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றதைப் பார்த்து, அந்த வழியாகப் போன ஒரு அமெரிக்கர் இறங்கி, பழைய சாமான் விற்பனையா என்று கேட்டார். பட்டுப்புடவைக்கு மேல் ஓவர்கோட்டும் ஓவர்கோட்டுக்கு மேல் மல்லிகைச் சரமுமாகப் பெண்கள் இறங்கினார்கள். பால் பொங்கியது. ஷ்யாமளா ஆரத்தி எடுத்தாள். சுண்ணாம்பு வாங்கிவர மறந்துபோனதால், மஞ்சள் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பேக்கிங் சோடாவைக் கலந்தாள். தட்டு ரத்தச் சிவப்பாக மாறியது. எடிசன் வாழ்க்கையில் எல்லாப் பெண்களும் கற்றுக்கொண்ட குறுக்குவழி அது.

பூஜையை நடத்தியது வெள்ளியங்கிரியின் மனைவி நாகரத்தினம். வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவின் தலைவி அவள். கணவருக்கு ஒரு மன்றம், மனைவிக்கு ஒரு மண்டலி. இரண்டுக்கும் ஒரே மைக் செட். வீட்டைச் சுற்றி வந்தவள் முற்றத்தில் பாய்லரைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏனுங் சேனாபதி, இதுக்குப் பூசை பண்ணலையாக்கும்?"

"அது பாய்லருங்க அக்கா. வீடு சூடாகறதுக்கு."

"இருக்கட்டுமே. கதவு இருக்குது, நிலை இருக்குது, உள்ளார அக்கினி இருக்குது. வேறென்ன வேணும்? ஷ்யாமளா கண்ணு, அந்த மஞ்சளக் குழைச்சு எடுத்துட்டு வா."

பாய்லர் கதவைச் சுற்றியிருந்த இரும்புச் சட்டம் முழுக்க, வீட்டு நிலைவாசலுக்குப் பூசுவது போல மஞ்சள் பூசி, இடைவிட்டு இடைவிட்டுக் குங்குமப் பொட்டு வைத்தாள். சூடம் காட்டினாள். தேங்காய் உடைத்தாள். புகைக்குழாயில் ஒரு மாலையும் போட்டார்கள். எல்லாரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குளிருக்குப் பயந்து சாப்பாட்டுக்கு ஓடினார்கள்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் முற்றத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"தாயே!"

நாகரத்தினம் பாய்லர் முன் கைகூப்பி நின்றிருந்தாள். கதவுச் சட்டத்தின் கீழ் இடது மூலையில் பூசிய மஞ்சள், மஞ்சளாக இல்லை. நல்ல சிவப்பு. அங்கிருந்து கீழே ஒரு விரல் அகலத்துக்கு, கோடு போட்ட மாதிரி வழிந்திருந்தது.

"மஞ்சளு குங்குமமா மாறியிருக்குது பாருங்க! நான் என் கையால பூசுன மஞ்சளு! ஆத்தா கடல் தாண்டி வந்துட்டா!"

முதலில் வந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அடுத்து வந்தவர்கள் முதலில் வந்தவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் ஷூவைக் கழற்றினார்கள். உறைபனி படிந்த புல்லில் சாக்ஸோடு ஒரு வரிசை உருவாயிற்று. கடந்த பத்து வருஷமாக மன்றத்துக் கூட்டங்களில் சாப்பாட்டுக்குக் கூட ஒழுங்காக வரிசையில் நிற்காதவர்கள் அவர்கள். ஒருவர் வீடியோ கேமராவை எடுத்து, சிவப்புக்கு நெருக்கமாகப் போய், தேதி தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். இரண்டாயிரம் பிறக்கப் போவதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு டேட்டாபேஸ்காரர் மெதுவாகக் கேட்டார். இருக்கும் என்று பலர் தலையாட்டினார்கள்.

ஷ்யாமளா அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க. இந்தக் கலரை நான் காலையில பார்த்தேன்."

"எங்க?"

"என் தட்டுல. மஞ்சளோட பேக்கிங் சோடா கலந்தா இதே சிவப்புதான் வரும். நீங்க பாய்லர்ல என்னமோ மருந்து ஊத்தினீங்களே, அது என்னது?"

"காரம்..." என்று ஆரம்பித்த சேனாபதி பாதியில் நிறுத்திக்கொண்டான். 

ஷ்யாமளா வரிசைக்குள் புகுந்து, ஒரு கை மஞ்சளை எடுத்து மேல் மூலையில் அப்பினாள். பக்தி என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள். மேல் மூலை மஞ்சளாகவே இருந்தது. வலது மூலையும் அப்படியே. கீழ் இடது மூலையைத் துடைத்துவிட்டுப் புதிதாக அப்பினாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, கண் விழிப்பது போல விரிந்தது.

"லீக்," என்றான் சேனாபதி. நேற்று முழுக்க அவன் வாய்க்குள் இருந்த சொல் அது.

"உங்க ஹாரல்டுக்குப் போன் பண்ணுங்க. சாயங்காலம் கிளம்பறார்னு சொன்னீங்கல்ல?"

ஓடினான். சமையலறைப் போன் நாகரத்தினத்தின் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்தது. "ஆமாமுங், பாய்லர்லதான். உடனே கெளம்பி வாங்க. எய்ட்டி ஹைவேல ஏறுனா நேரா வந்துரலாம். வர்றப்ப எலுமிச்சம்பழ மாலை ஒண்ணு..." சேனாபதி சைகை காட்டினான். அவள் அவனுக்கு விபூதி கொடுத்துவிட்டு, அடுத்த நம்பரை அழுத்தினாள்.

காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்க் கூப்பிடலாம். ஆனால் ஹாரல்ட் வந்து பற்றவைக்க வேண்டுமானால் நெருப்பை அணைத்துத் தண்ணீரை இறக்க வேண்டும். அம்மன் எழுந்தருளியிருக்கும் நெருப்பை, நாற்பது பேர் சாக்ஸோடு கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எப்படி அணைப்பது? சொல்கிற வாயில் ஒரு அதிகாரம் வேண்டும். சேனாபதி வெள்ளியங்கிரியைத் தேடிப் போனான்.

தலைவர் பாய்லரின் பக்கவாட்டில், தான் போட்ட 'சரி'க்கு முன்னால் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றிருந்தார்.

"அண்ணா, லீக்குங்க. நீங்க ஊத்துன மருந்து மஞ்சள்ல பட்டுச் சிவக்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எல்லாரும் நகர்ந்துருவாங்க."

வெள்ளியங்கிரி வானத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் பஜனை நேரத்தில் கார் கழுவப் போய்விடுகிறவர் அவர். அம்மனுக்கும் அவருக்கும் அதுவரை பேச்சுவார்த்தை கிடையாது.

"தம்பி, நான் டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்ட பாய்லருங்க இது. லீக்குன்னா சொட்டோணும். இது சொட்டுதுங்களா?"

"கசியுதுங்க."

"சிவக்குதுன்னு சொல்லுங்க. கசியறது வேற, சிவக்கறது வேற." குரலைத் தாழ்த்தினார். "சயின்ஸுக்கும் மேல ஒண்ணு இருக்குதுங்க தம்பி. உங்க வயசுல எனக்கும் அது புரியல."

அப்படிச் சொல்லிவிட்டு, கையெழுத்தைக் காப்பாற்ற இதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று கண்டுகொண்டவராகக் கூட்டத்தின் முன்னால் வந்தார். கையைத் தூக்கினார். மைக் இல்லாதது ஒரு குறை.

"அன்பர்களே! இந்தப் பாய்லரை நேற்று நானே சோதித்தேன். மில்லிலே எத்தனையோ பாய்லர்களைக் கண்டவன் நான். இதில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. ஆகவே இந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? விஞ்ஞானத்திடம் இதற்கு விடை இல்லை!"

கைதட்டினார்கள். ஷ்யாமளா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சேனாபதிக்குத் தன் மனைவியும் மகளும் பெட்டி படுக்கையோடு எடிசனுக்குத் திரும்பும் காட்சி கண்முன் ஓடியது. அதில் தென்றல் பின்சீட்டிலிருந்து கை காட்டினாள்.

போனை முடித்துவிட்டு நாகரத்தினம் வந்தாள். அவள் கையில் பூஜைக்கு வைத்திருந்த வெள்ளிக் கிண்ணமும் ஸ்பூனும் இருந்தன. நேராகக் கீழ் இடது மூலைக்குப் போய், சிவப்புக் கோட்டின் நுனியில் ஸ்பூனை ஏந்தினாள். வெள்ளியங்கிரி சொட்டாது என்று சொன்னது அப்போதுதான் சொட்ட ஆரம்பித்தது. ஒரு சொட்டு. இன்னொன்று.

"தீர்த்தம்!" என்றாள் நாகரத்தினம். வரிசை முழுக்க உள்ளங்கைகள் குவிந்தன. "இருங்க, இருங்க. முறைன்னு ஒண்ணு இருக்குது. மொதல் மருவாதி தலைவருக்குத்தான். ஏனுங், இங்க வாங்க. கையை நீட்டுங்க."

வெள்ளியங்கிரியின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. மாலை, பொன்னாடை, முதல் பந்தி என்று எது முதலில் வந்தாலும் நீளும் கை அது. ஸ்பூன் கவிழ்ந்தது. உள்ளங்கையில் விழுந்த சிவந்த தண்ணீரை அவர் பார்த்தார். கட்டைவிரலால் தொட்டார். வழுவழுவென்று இருந்தது.

"குடிங்க. எல்லாரும் காத்துட்டு இருக்காங்கல்ல?"

"குடிக்கறனுங்... ஒரு நிமிஷம்."

"என்ன நிமிஷம்? அப்பிடியே வாயில விடுங்க."

கை பாதி தூரம் போயிற்று. அங்கே நின்றது. அந்தக் குளிரிலும் தலைவரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. கூட்டத்தின் ஓரத்தில், காதிலிருந்த வயரைக் கழற்றிவிட்டு, தென்றல் அவரையே ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்ன பிரசங்கம் அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும்.

"நாகு," என்றார் மெதுவாக. "இது... பாய்லர் தண்ணி."

"ஆமா, பாய்லர்ல ஆத்தா குடுத்த தண்ணி."

"இல்ல. பாய்லருக்கு நான் குடுத்த தண்ணி. மருந்து கலந்தது. யாரும் வாயில வெக்காதீங்க! தொண்டை வெந்துரும்!"

குவிந்த கைகள் எல்லாம் கோட்டுப் பைகளுக்குள் போயின.

நாகரத்தினம் கிண்ணத்தைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "உள்ள நீங்க ஊத்துன தண்ணி வெளிய எப்பிடிங்க வந்துச்சு?"

"அது வந்து..."

"லீக்குங்களா?"

வெள்ளியங்கிரி ஷாம்பூ கம்பெனியில் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும், கணிப்பு எதனால் பலிக்கவில்லை என்று அரை மணி நேரம் விளக்கக்கூடியவர். அன்று அவருக்கு ஒரு சொல்தான் கிடைத்தது. "லீக்குத்தானுங்."

"அப்ப நேத்துத் தட்டிப் பாத்தது?"

"பாக்கலை. தட்டிக் கேட்டதோட சரி."

ஷ்யாமளா ஓடிவந்து அவர் கைமேல் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினாள். சேனாபதி அதற்குள் காரைக் கிளப்பியிருந்தான்.

ஹாரல்ட் வெல்டிங் மெஷினை லாரியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சேனாபதி மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு, லாரியில் ஏறி உட்கார்ந்து, பின்னாலேயே வந்தார். நெருப்பை வாரி வெளியே போட்டார்கள். தண்ணீர் மட்டம் அந்த மூலைக்குக் கீழே இறங்கும் வரை அதைப் பீப்பாய்களில் பிடித்தார்கள். பீப்பாய் பிடித்ததெல்லாம் மன்றத்தின் செயற்குழு. அவர்கள் சேர்ந்து செய்து முடித்த முதல் வேலை அது. ஹாரல்ட் மஞ்சளைச் சுரண்டிவிட்டு, அடியில் தலைமுடி மாதிரி ஓடிய விரிசலைக் கண்டார். டார்ச்சோடு ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் தனக்கு இது அகப்பட்டிருக்காது என்றார். அந்த மஞ்சள் பொடி என்ன என்று கேட்டார். ஷ்யாமளா சொல்லி, ஒரு பாக்கெட்டும் கொடுத்தாள். ஃப்ளோரிடாவில் அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கண்ணைப் பறிக்கும் நீல வெளிச்சத்துக்குப் பட்டுப்புடவைகள் எல்லாம் முதுகைக் காட்டி நின்றன. பற்றவைத்து முடிந்ததும் தண்ணீரை மறுபடி ஏற்றி, நெருப்புப் போட்டு, நாகரத்தினமே வந்து மஞ்சள் பூசினாள். இந்த முறை பொட்டு வைக்கவில்லை. "வெச்சா குழப்பமாயிரும்," என்றாள். பிறகு எல்லாரும் சுற்றி நின்று காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததை இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகப் பார்த்தது அந்த வட்டாரத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும். வெயில் சாயும் வரை மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

இதற்குள் எடிசனிலிருந்து எலுமிச்சம்பழ மாலையோடு மூன்று கார்கள் வந்து சேர்ந்தன. "ஆத்தா வரலீங். ரிப்பேர் பண்றவருதான் வந்தாரு," என்று நாகரத்தினம் வாசலிலேயே அவர்களை நிறுத்திச் சொன்னாள். வந்தவர்கள் ஏமாந்து போகவில்லை; புளியோதரை மிச்சம் இருந்தது. மாலையை ஹாரல்ட் கழுத்தில் போட்டு அனுப்பிவைத்தார்கள்.

வெள்ளியங்கிரி கிளம்பும்போது பாய்லரின் பக்கவாட்டுக்குப் போனார். தன் கையெழுத்தைக் கோட்டுக் கையால் நன்றாகத் துடைத்தார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

"அண்ணா," என்றாள் ஷ்யாமளா. "அதை இப்படிக் குடுங்க."

கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளம் தோண்டினார்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வீட்டுக்குள் சூடு வந்துவிட்டது. இரண்டாயிரமும் பிறந்தது. கரன்ட் போகவில்லை, பம்ப் ஓடிற்று. ஷ்யாமளாவின் பழைய கேள்விக்குச் சேனாபதி இன்னும் பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்டு அவனைச் சங்கடப்படுத்தவில்லை. எடிசன் அபார்ட்மென்ட்டின் சாவியை மட்டும் ஒரு நாள் தபாலில் அனுப்பிவிட்டாள்.

பொங்கலுக்கு மன்றத்தின் மலர் வந்தது. முதல் பக்கத்தில் தலைவரின் புகைப்படம். ஏழாம் பக்கத்தில் தலைவரின் கட்டுரை: 'கசிவு காண மஞ்சள்: பழந்தமிழர் கண்ட பாய்லர் நுட்பம்'. நம் முன்னோர் நிலைவாசலுக்கு மஞ்சள் பூசியது ஏன் என்று மேல்நாட்டார் இன்றுவரை அறியவில்லை என்று தொடங்கி, இந்த முறையைத் தாமே ஒரு பாய்லரில் செய்து பார்த்து, அமெரிக்க வல்லுநர் ஒருவர் வியந்து பாராட்டியதாக முடித்திருந்தார். சோதனைக்கு இடம் கொடுத்து உதவிய திரு. சேனாபதிக்குக் கடைசி வரியில் நன்றி.

சேனாபதி அதைச் சோபாவில் பனியனோடு உட்கார்ந்து வாசித்துக்காட்டினான். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. தென்றல் டீ-ஷர்ட்டில் தரையில் படுத்திருந்தாள். அவளுடைய ஜாக்கெட் எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்குக் கோவம் வரலையா?" என்றாள் ஷ்யாமளா, தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

சேனாபதி யோசித்துப் பார்த்தான். கோபத்துக்குக் கொஞ்சமாவது குளிர் வேண்டும் போலிருந்தது.

"எழுதிட்டுப் போகட்டும். நல்லாத்தான் எழுதியிருக்கார்."

"அதுவும் சரிதான்." அவள் புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். "அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன். வேர்க்குது."